ஒத்து இல்லாத வாசிப்பு

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) இசைத்தட்டில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' மட்டும் வின்டன் கெல்லியின் பியானோ. மற்றதெல்லாம் பில் எவன்ஸ். எவன்ஸின் இடது கையைப் பார்த்துத்தான் நானும் ஆரம்பித்தேன். ஜி7 என்றால் ஜி, பி, டி, எஃப். எவன்ஸ் பாணியில் அடிச் சுரமான ஜி-யை விட்டுவிட்டு எஃப், ஏ, பி, இ என்று பிடிக்கலாம். ஜி-யை பாஸ் வாசிக்கும் பால் சேம்பர்ஸ் பார்த்துக்கொள்வார்.

தென்காசியில் என் வீட்டில் பால் சேம்பர்ஸ் கிடையாது. குற்றாலச் சாரல் ஜன்னலில் அடிக்க, ஒரு கீபோர்டும் ஃபோனில் தம்புரா ஆப்பும்தான். சி-யை ஸ-வாக வைத்து தம்புராவை ஓடவிட்டு அந்த நாலையும் பிடித்தேன். ம, த, நி, க. அழகாத்தான் இருந்தது, ஆனா எங்கேயும் நகர மாட்டேங்குது! சங்கராபரணத்தின் நாலு சுரம், அவ்வளவுதான். பி-யும் எஃப்-ம் சேர்ந்து நம்மை இழுப்பதே சி கார்டில் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான். ஸ ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருந்தால் இழுக்க என்ன இருக்கிறது?

தம்புராவை அணைத்தேன். பக்கத்து வீட்டு நாதஸ்வர அண்ணாச்சி எட்டிப்பார்த்து, "ஒத்து இல்லாம என்னத்தடே வாசிக்க?" என்றார்.

ஒத்து இருக்கு அண்ணாச்சி, ஆனா அது நடந்துகிட்டே இருக்கும். நம்ம ஒத்து ஒரே ஸ-வில் நிற்கும். சேம்பர்ஸ் கார்டுக்குக் கார்டு இடம் மாறுகிறார். அவரை மனசுக்குள் கேட்கத் தெரியாதவரை விரல் படிந்தும் பிரயோஜனமில்லை.

கெல்லியிடம் இன்னும் சிக்கல். பி ஃப்ளாட் ப்ளூஸ், பன்னிரண்டு பார். கடைசி இரண்டு பாரில் வீடு திரும்பாமல் ஏ ஃப்ளாட்7-ல் நிற்கிறது. அந்த இடத்தில் நான் இன்னும் வாய்க்குள் பி ஃப்ளாட்டைத்தான் முனகுகிறேன்.