டிரம்முக்குள் பூசிய சாக்பீஸ்

ஆரம்பாக்கத்தில் ராத்திரி நிறுத்திய அம்பாசிடரைக் காலையில் எடுத்து முதல் பிரேக்கை மிதித்தால், கர்ரென்று ஒரு சத்தம் கேட்கும். பழவேற்காடு ஏரியின் ஈரக் காற்று வார்ப்பிரும்பு டிரம்மின் உள்முகத்தில் ஒரே இரவில் செந்துரு பூசியிருக்கும். நாலு மிதியில் அது உதிர்ந்துவிடும். பழைய வண்டியைப் புதிதாக வாங்கியவர்கள்தான் பதறுவார்கள். நான் பயப்படுவது வீல் சிலிண்டருக்குள் சத்தமே போடாமல் பிஸ்டனைக் கவ்விக்கொள்ளும் துருவுக்கு.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து, 2014இல் உத்தரபாராவில் உற்பத்தி நின்ற அம்பாசிடரின் பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் டிரம்தான். அந்த முன்சக்கரங்களை ரசிக்காமல் என்னால் இருக்க முடியாது. உள்ளே இரண்டு ஷூ, ஒவ்வொன்றுக்கும் தனி சிலிண்டர். ஷூ டிரம்மைத் தொட்டதும், டிரம் தான் சுழலும் போக்கிலேயே அதை இன்னும் இறுக்கமாகத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். காலின் அழுத்தத்தோடு சக்கரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. தன்னை நிறுத்தத் தானே கைகொடுக்கிறது. ரிவர்ஸில் இந்த உதவி கிடையாது. சரிவில் பின்னால் இறக்கும்போது கால் கனமாக இருக்க வேண்டும்.

ஷூவின் மேலுள்ள லைனிங்கை மாற்றுவதில் எனக்குப் பிடித்த கட்டம் சாக்பீஸ். தேய்ந்து வரிவிழுந்த டிரம்மை லேத்தில் கடைசல் பிடித்தால், உள்விட்டம் கொஞ்சம் பெரிதாகும். புது லைனிங்கின் வளைவு பழைய அளவுக்கு வெட்டியது. இரண்டும் எங்கே சேர்கின்றன என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டிரம்மின் உள்ளே சாக்பீஸைத் தேய்த்து, ஷூவைப் பொருத்தி லேசாக ஆட்டி எடுத்தால், லைனிங்கில் வெள்ளை ஒட்டிய இடமெல்லாம் மேடு. நடுவில் மட்டும் ஒட்டினால் பரவாயில்லை, ஓட ஓடப் பரவும். இரண்டு நுனியிலும் ஒட்டினால்தான் வம்பு: பிரேக் வெடுக்கென்று பிடிக்கும், கீச்சிடும். அரத்தால் நுனியைச் சீவி, மறுபடி சாக்பீஸ், மறுபடி அரம். நல்ல மெக்கானிக் இதற்கு அரை நாள் எடுத்துக்கொள்வார். கடிகாரத்தைப் பார்க்கிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

ஒரு பட்டறையில் டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதினார்கள். நான் வெளியே வந்துவிட்டேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதை ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும்.

பிறகு பிரேக் குழாயில் புகுந்த ஏரை எடுப்பது. ஒருவர் உள்ளே, ஒருவர் அடியில். "மிதி", "பிடி", "விடு" என்ற மூன்றே சொல்லில் வேலை நடக்கும். ஆரம்பகால பிரேக் ஆயிலில் ஆமணக்கெண்ணெய்தான் முக்கியச் சரக்கு என்பதைச் சொன்னால் பட்டறைப் பையன்கள் நம்புவதில்லை. இப்போதைய கிளைகால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஏரிக்கரையில் வண்டி வைத்திருப்பவர் அதைக் காலம் தவறாமல் மாற்றியே ஆக வேண்டும். 1962இல் பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும் 1964இல் வந்த ரானே பிரேக் லைனிங்கும் சென்னைப் பக்கத்திலேயே பிறந்தவை என்பதால், பிரேக் என்பது நமக்கு உள்ளூர்த் தொழில் மாதிரிதான்.

மாட்டி முடித்த பிரேக் பாதி பிரேக். இனி அது செட் ஆகணும். பின்னால் லாரி முட்டிக்கொண்டு வரும் கொல்கத்தா நெடுஞ்சாலை இதற்கு ஆகாது. ஏரிப் பக்கம் போகும் ஊர்ச்சாலை, விடியற்காலை. ஐம்பதில் போய் இருபதுக்கு இறக்குவது, ஒரு கிலோமீட்டர் சும்மா ஓட்டி ஆறவிடுவது, திரும்பவும் அதே. பத்துத் தடவைக்குள் லைனிங்கிலுள்ள பிசின் லேசாகக் கருகும் வாசனை ஜன்னல் வழியே வரும். அவசரப்பட்டு அழுத்தினால் லைனிங் கண்ணாடிபோலப் பளபளத்து வழுக்கும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுவதால் பெடலும் கீழே இறங்கும். அப்படியே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டால், டிரம் ஆறும்போது கோணிக்கொள்ளலாம். கல்லை வைத்து நிறுத்துவதே நல்லது.

இறங்கி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோக வேண்டும், தொடாமல். முன்னால் இரண்டும் ஒரே சூடு, பின்னால் இரண்டும் அதைவிடக் குறைந்த ஒரே சூடு. ஏதாவது ஒன்று மட்டும் தணிந்திருந்தால், டிக்கியைத் திறந்து ஜாக்கியை எடுக்க வேண்டியதுதான்.