பெயரும் பொருளும்

முதலாளித்துவமும் வேண்டாம், சமதர்மமும் வேண்டாம். இஸ்லாம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நேர்வழி என்று நம் மேடைகளில் பல்லாண்டுகளாக முழங்கி வருகிறோம். அவ்வழி எங்கே தொடங்கி எவ்வழியே செல்கிறது என்று ஓர் இளைஞர் எழுந்து வினவினால், ஸகாத்தையும் வட்டித் தடையையும் சொல்லிவிட்டு நம்மிற் பலர் அமர்ந்துவிடுவோம். அவ்வினாவிற்கு முழுமையான விடை தர முயன்ற இரண்டு அரபு நூல்களை இங்கே சீர்தூக்கிப் பார்க்க விழைகிறோம்.

முதல் நூல், முஸ்தபா அஸ்ஸிபாஈ அவர்கள் 1959இல் வெளியிட்ட 'இஷ்திராகிய்யதுல் இஸ்லாம்', அதாவது இஸ்லாத்தின் சமதர்மம். சிரியாவும் எகிப்தும் இணைந்து ஒரே குடியரசாக விளங்கிய காலம் அது. நாஸிரின் கொள்கை அரபுலகெங்கும் இளைஞர்களை ஈர்த்துக்கொண்டிருந்தது. அவ்விளைஞர்களை நோக்கி, நீங்கள் தேடுவது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்று கூற ஆசிரியர் விரும்பினார். உயிர், சுதந்திரம், கல்வி, கண்ணியம், உடைமை என்னும் ஐந்தையும் மனிதனின் இயற்கை உரிமைகளாக அவர் நிறுவுகிறார். உடைமை உரிமையே, ஆயினும் அது பொதுநலனுக்குக் கட்டுப்பட்டது என்பது அவர் முடிவு.

நூலின் நோக்கம் உயர்ந்தது, பரிவும் மெய்யானது. எனினும் அதன் தலைப்பே நம்மைத் தயங்க வைக்கிறது. இஷ்திராகிய்யா என்பது பங்குகொள்ளுதல் என்னும் வேரிலிருந்து பிறந்த அழகிய சொல்தான். ஆனால், ஒரு கொள்கையின் பெயரை வாங்குவோர் அதன் வரலாற்றுச் சுமையையும் சேர்த்தே வாங்குகின்றனர். மக்களின் பெயரால் விளைநிலங்களை அரசு கைக்கொண்ட சோவியத் நாட்டில், 1932-33ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் பல இலட்சம் உயிர்கள் மாண்டன. விளைவித்தவனே பட்டினியால் இறந்தான். கம்யூனிசத்திலிருந்து தம் கருத்து வேறுபட்டது என்று ஸிபாஈ தெளிவாகவே உரைக்கிறார். எனினும், பொதுநலனின் பெயரால் உடைமையைக் கைக்கொள்ளும் ஆட்சியாளரைத் தடுத்து நிறுத்துவது யார் என்ற வினாவிற்கு நம் மனம் நிறையும் விடை அந்நூலில் இல்லை.

இரண்டாவது நூல், நஜஃபைச் சேர்ந்த முஹம்மத் பாகிர் அஸ்ஸத்ர் அவர்கள் 1961இல் முடித்த 'இக்திஸாதுனா', அதாவது நம் பொருளியல். ஆசிரியர் ஷீஆ மத்ஹபைச் சார்ந்தவர். எனினும் அறிவை அதன் தகுதி கொண்டு அளப்பதே முறை. 1958 புரட்சிக்குப் பின் ஈராக்கில் கம்யூனிஸ்டுகளின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. ஆகவே மார்க்சியத்தை மறுக்கும் பகுதி விரிந்தும், முதலாளித்துவத்தை ஆராயும் பகுதி சுருங்கியும் அமைந்துவிட்டன. இதனை ஒரு குறையாகவே நாம் கருதுகிறோம். எதிரில் நிற்பவனோடு மட்டும் வாதிடுவோர் பின்னால் வருபவனைக் காண்பதில்லை.

ஆயினும் அந்நூலின் மையக் கருத்து ஒளி மிக்கது. பொருளாதாரத் துன்பத்தின் வேர் யாது? இயற்கை வளம் போதாமையே என்கிறது முதலாளித்துவம். உற்பத்தி முறைக்கும் பங்கீட்டு முறைக்கும் இடையேயுள்ள முரண்பாடே என்கிறது மார்க்சியம். ஸத்ர் இரண்டையும் மறுக்கிறார். குற்றம் இயற்கையிலுமில்லை, எந்திரத்திலுமில்லை. பங்கிடுவதில் மனிதன் இழைக்கும் அநீதியும், இறைவன் அளித்த வளத்தை அவன் வீணடிக்கும் நன்றிகேடுமே வேர் என்பது அவர் துணிபு. இப்ராஹீம் அத்தியாயத்தின் வசனங்களை அடியொற்றி எழுந்த துணிபு இது. நூலாசிரியர் 1980இல் ஸத்தாம் ஆட்சியில் கொல்லப்பட்டார். நூலோ வாழ்கிறது.

இனி நம் காலத்திற்கு வருவோம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. அதற்கு முன்னரே, 1978இல், சீனா சந்தைக்குக் கதவைத் திறந்துவிட்டது. முதலாளித்துவ நாடான பிரிட்டனோ 1948இலேயே மருத்துவத்தை அரசின் பொறுப்பாக்கிற்று. 2008இல் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் வீழ்ந்து பெருவங்கிகள் தள்ளாடிய வேளையில், அமெரிக்க அரசு மக்களின் வரிப்பணத்தைக் கொண்டே அவற்றைத் தாங்கிப் பிடித்தது. ஆக, உலகமே ஏதோ ஒரு நடுவழியில்தான் சென்றுகொண்டிருக்கிறது. இரண்டிற்கும் இடைப்பட்டது என்பது மட்டும் இனி நமக்குரிய தனிச்சிறப்பாகாது.

அங்ஙனமாயின் நம் தனிச்சிறப்பு யாது? ஆதாயம் பெற விழைவோன் இழப்பின் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்று ஃபிக்ஹு அறிஞர் வகுத்த விதியே அது. முளாரபாவில் ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். ஆதாயத்தைப் பேசிய விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்வர். உழைத்தவரின் தவறின்றி நட்டம் நேர்ந்தால் முதலில் நேர்ந்த இழப்பு முதல் தந்தவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பின் பலனை இழப்பார். வட்டியில்லா வங்கியைப் பற்றி ஸத்ர் பின்னர் எழுதிய நூலும் முளாரபாவையே அடித்தளமாகக் கொண்டது.

நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. துபாயில் 1975இல் இஸ்லாமிய வங்கி தோன்றியது முதல் பல நாடுகளில் அத்தகைய வங்கிகள் பெருகின. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை முளாரபாவைக் காட்டிலும் முராபஹாவையே சார்ந்து நிற்கின்றன. பொருளை வங்கி வாங்கி, விலை கூட்டித் தவணைக்கு விற்பது முராபஹா. அதன் நிபந்தனைகள் பேணப்பட்டால் அது ஆகுமான வணிகமே. ஆனால் பொருள் ஏட்டில் மட்டும் கைமாறி, பணம் பணத்தை ஈன்றால் அதனை என்னென்பது? வங்கிகள் ஏற்பாடு செய்து நடத்தும் தவர்ருக் முறை கூடாதென்று அனைத்துலக ஃபிக்ஹு அகாடமி 2009இல் ஷார்ஜாவில் தீர்மானித்தது இவ்வச்சத்தினாலேயே. ஸிபாஈ சமதர்மத்திற்கு இஸ்லாத்தின் பெயரைச் சூட்டினார் என்று குறை கூறிய நாம், முதலாளித்துவத்திற்கு அரபுப் பெயரைச் சூட்டிக்கொண்டிருக்கிறோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இக்கேள்வி வங்கிகளோடு நின்றுவிடுவதில்லை. வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை உறவினரின் கடையில் போட்டு வைப்பது நம் குடும்பங்களில் வழக்கம். மாதந்தோறும் இவ்வளவு என்று ஒரு தொகை பேசிக்கொள்கிறோம். அதற்கு இலாபம் என்று பெயர். வியாபாரம் படுத்த மாதத்திலும் அத்தொகை குறைவதில்லை. கடையை நடத்தும் தம்பி கடன் வாங்கிக் கொடுக்கிறார். அண்ணனும் கணக்குக் கேளாமல் வாங்கிக்கொள்கிறார். முதலுக்கும் அட்டி இல்லை, வரவுக்கும் குறைவு இல்லை என்றால் அது முளாரபாவன்று. எந்த வட்டியை மேடையில் சாடுகிறோமோ அது நம் வீட்டுத் திண்ணையில் வேறு பெயரோடு அமர்ந்திருக்கிறது.

இரு நூல்களையும் ஓதி முடித்த பின் நம் உள்ளத்தில் எஞ்சுவது இதுவே. பிறர் கொள்கைகளை மறுத்து எழுதுவதில் நம் அறிஞர்கள் வெற்றி கண்டனர். அம்மறுப்புக்குத் தகுந்த கொடுக்கல் வாங்கலை நிலைநாட்டுவதோ நம் ஒவ்வொருவர் மீதும் விழுந்த கடமை. முதல் தந்தவர் இவ்வாண்டின் கணக்கைக் கேட்டு, நட்டத்தில் தம் பங்கை மனமுவந்து ஏற்கட்டும். அவ்வொரு செயல், நேர்வழி எங்கே என்று கேட்ட அந்த இளைஞருக்கு நம் சொற்பொழிவுகளைக் காட்டிலும் தெளிவான விடையாக அமையும். அத்தகைய நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!