சேர்வராயன் மலையும் பயணியின் கண்ணும்

பயணம் ஓவியனுக்கும் எழுத்தாளனுக்கும் ஊக்கமளிக்கிறது என்பதை எவரும் மறுப்பதில்லை. அவ்வூக்கத்தில் பிறந்த படைப்பு, கண்ட நாட்டுக்கு உண்மையுள்ளதாயிருக்கிறதா என்பதே நம் வினா. சேர்வராயன் மலையும் அதன் சுற்றுப்புறமும் இதனை ஆராய நல்ல களம்.

1792-இல், மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்தவுடனே, தாமஸ் டேனியலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் சென்னையிலிருந்து தென்னாட்டுப் பயணம் புறப்பட்டனர். மலைக்கு வடக்கேயுள்ள பாராமகால் அப்பொழுதுதான் கும்பினியார் கைக்கு வந்திருந்தது. இராயக்கோட்டை முதலிய குன்றுக்கோட்டைகளை அவர்கள் வரைந்தனர். பின்னர் இலண்டனில் வெளிவந்த ‘ஓரியண்டல் சீனரி’ என்னும் 144 படங்களின் வரிசையில் அவையும் இடம்பெற்றன. பாறையின் கனத்தை இவர்களைப்போல் பதித்தவர் சிலரே. ஆயினும் அப்படங்களில் மனிதன் காட்சிக்கு அளவுகோலாகவே நிற்கிறான். போரின் வடு அவன்மேல் தெரியவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் வேதாகமத்தைத் தமிழ்ப்படுத்திய பெர்சிவல் ஐயர் 1882-இல் ஏற்காட்டில் மறைந்தார். அவரும் வந்தேறிய பயணியே. 1854-இல் மேனாட்டாருக்கென அவர் எழுதிய ‘வேத நாடு’ என்னும் ஆங்கில நூலைவிட, 1874-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பையே நாம் மேலாக மதிக்கிறோம். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள்! குன்றின்மேல் நின்று நோக்குவோனுக்கு இவை அகப்படா. திண்ணையில் பல்லாண்டு அமர்ந்து கேட்டவனுக்கே அகப்படும். முன்னதில் அவர் நம்மைப்பற்றிப் பேசுகிறார். பின்னதில் நாம் பேச, அவர் எழுதிக்கொள்கிறார்.

அவர்தம் மருமகன், நிலவியலார் இராபர்ட் புரூஸ் பூட், ஏற்காட்டில் வீடு கொண்டு வாழ்ந்தவர். இம்மலையின் மலையாளிகள் (கேரளத்தார் அல்லர், மலைவாழ் தமிழர்) சிறு கோயில்களில் வைத்து வணங்கிய வழவழப்பான கற்களைப் புதிய கற்கால மனிதனின் கோடரிகள் என அவர் கண்டறிந்தார். அவர் சேர்த்த கற்கருவிகள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. அறிவுக்கு அது பெரும்பேறு. ஆனால் கோடரி என்று அறிந்தபின், தெய்வம் என்று கொண்டவனிடம் கேட்க ஒன்றுமில்லையா?

இவ்வினா நம்மையும் விடுவதில்லை. தியானக் கூட்டங்களுக்கு ஏற்காடு சென்று திரும்பும் ஆயர்களும் மாணவர்களும் எழுதும் பயணக் கட்டுரைகளைப் படித்துவருகிறோம். ஏரி வருகிறது, மூடுபனி வருகிறது, உடனே நூற்றிருபத்தோராம் சங்கீதமும் வருகிறது. காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவளும், மே மாதத் திருவிழாவுக்குச் சேர்வராயன் கோயிலுக்கு ஏறிவரும் மலையாளியும் அக்கட்டுரைகளில் வாய்திறந்ததை நாம் இன்னும் காணவில்லை.