அச்சத்தின் கருவிகள்: மாணவர் திகிற்பட முன்னோட்டம் ஒன்றைப் பற்றிய நோக்கு

திகிற்படம் என்னும் வகையினை வணிகச் சினிமாவின் மலிவுச் சரக்கென்று ஒதுக்கிவிடுவதே எமது விமர்சன மரபின் வழக்கமாக இருந்து வந்துள்ளது. அத்தகைய படமொன்றின் முன்னோட்டத்தை, அதிலும் மாணவர் எழுவர் கைத்தொலைபேசி கொண்டு எடுத்த இரண்டு நிமிட முன்னோட்டத்தை, இவ்விதழில் ஆராய முற்படுவது சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். அவ்வெழுவருள் நானும் ஒருத்தி என்பதை முதலிலேயே கூறிவிடுவது நேர்மையாகும். எனவே இது ஓரளவு தன்விமர்சனமே. எனினும், ஒரு பிரதேசத்து இளைஞர் தமது அச்சங்களை எக்கருவிகள் கொண்டு புனைகின்றனர், அக்கருவிகளுடன் யாருடைய அச்சங்கள் உடன்வந்து சேர்கின்றன என்ற வினா எங்கள் எழுவரோடு முடிந்துவிடும் ஒன்றன்று.

கதை எளியது. திருகோணமலை உட்துறைமுகத்தில் இரவிலே வலை வைக்கச் செல்லும் முதியவர் ஒருவர், வள்ளத்தின் அடிப்பலகையைக் கீழிருந்து யாரோ தட்டுவதைக் கேட்கிறார். முழுப்படம் இன்னும் எடுக்கப்படவில்லை. உதவி தேடும் பொருட்டு முன்னோட்டம் முதலில் எடுக்கப்பட்டது. இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் குறிப்பிடலாம். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் 'பின்னால் இழுபட்டு வருவது' என்னும் பொருளது. ஆதியில் இத்துண்டுகள் படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டமையால் அப்பெயர் நிலைத்தது. தமிழில் 'முன்னோட்டம்' என்கிறோம். படமே இல்லாதவிடத்து முன்னே ஓடுவது எதற்கு முன்னே என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவர் கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

ஆனால் முன்னுதாரணம் இருந்தது. 1978ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாம் ரைமி என்னும் இளைஞர், நண்பர்களான றொபேட் ரப்பேட், புரூஸ் கம்பெல் ஆகியோருடன் சேர்ந்து 'வித்தின் த வூட்ஸ்' என்ற அரைமணி நேரத் திகிற்படத்தைச் சூப்பர் 8 படச்சுருளில் எடுத்தார். முதலீட்டாளருக்குக் காட்டி, பெரிய படத்துக்குப் பணம் திரட்டுவதே அதன் நோக்கம். அதன் பயனாக 1981இல் வெளிவந்ததே 'ஈவில் டெட்'. அப்படத்திலே காட்டினூடே கண்ணுக்குத் தெரியாத ஒன்று விரைந்து வருவதாகத் தோன்றும் காட்சிகளை அறிந்தோர் பலர். அவை எடுக்கப்பட்ட விதத்தை அறிந்தோர் சிலர். நீண்ட பலகையொன்றின் நடுவே கமராவைப் பொருத்தி, இருமுனைகளையும் இருவர் பிடித்துக்கொண்டு ஓடினர். கமரா அதிராமல் நகர்வதற்கென காரெட் பிரவுண் கண்டுபிடித்த 'ஸ்டெடிகாம்' அவ்வேளை பெருந்தயாரிப்புகளில் வழக்கிலிருந்தும், இவர்களிடம் அதற்குப் பணமில்லை. பலகையின் குறையே அக்காட்சிகளின் பாணியாயிற்று. ஓடுவோரின் தள்ளாட்டம், வருவது மனிதரல்ல என்று உணர்த்திற்று.

எமது முன்னோட்டத்தில் நான் இன்றும் மனமொப்பி ஏற்கும் காட்சி ஒன்றே. அதுவும் இத்தகைய இல்லாமையிற் பிறந்ததுதான். கைத்தொலைபேசியை நீர்புகாப் பையிலிட்டு, வள்ளத்தின் அணியத்திலே நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே கட்டினோம். வள்ளம் மெல்ல நகர, தூரத்துக் கரைவிளக்குகள் தாழ்ந்தும் உயர்ந்தும் அணுகுகின்றன. பார்ப்பது யார் என்று சொல்லப்படுவதில்லை. ஒல்லாந்தர் குடாவில் இதனைச் செய்திருப்பின் அலை எல்லாவற்றையும் குலைத்திருக்கும். மலைகள் சூழ்ந்த உட்துறைமுகத்தின் நீர் ஏரிபோற் கிடப்பது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென்று பாடநூல்களிற் படித்த அவ்வியல்பு, இங்கு ஒளிப்பதிவின் உத்தியாகப் பயன்பட்டது.

ஒளியைப் பொறுத்தவரை எமது அறியாமை பெரிது. கைத்தொலைபேசியின் ஒளியுணரி மிகச் சிறியது. இருளில் அது தானாகவே உணர்திறனைக் கூட்டுகிறது. கூட்டக் கூட்டப் படத்திலே புள்ளிகள் மொய்க்கின்றன. அவற்றை அழிக்க முயலும் மென்பொருள் முகத்தின் கோடுகளையும் அழித்து மெழுகுபொம்மையாக்கிவிடுகிறது. உண்மையான இரவில் நாம் எடுத்த காட்சிகளில் முதியவரின் முகத்தில் அச்சம் இல்லாதிருப்பதற்கு நடிகர் பொறுப்பல்லர். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இரவைப் பகலில் எடுத்தன. சூரியனை எதிரே வைத்து, வானத்தைச் சட்டகத்துள் விடாது, ஒளியளவைக் குறைத்து எடுப்பதே அம்முறை. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த ஏ. வின்சென்ற், மறுவருடம் வைக்கம் முகம்மது பஷீரின் கதையைக் கொண்டு 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படத்தை நெறிப்படுத்தினார். பாழடைந்த வீடும் ஒருத்தியின் ஆவியும் பற்றிய அப்படத்தைப் பார்ப்பவர், விளக்கில்லாத இரவென்பது திரையிலே எவ்வளவு கவனமாக ஒளியூட்டப்பட்டது என்பதை உணர்வர். கிழக்குக் கரையில் வாழும் எமக்கு இதில் ஒரு வசதியுண்டு. சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பின்னணியாகக் கொண்ட எதிரொளி காலை ஆறரை மணிக்கே கிடைக்கிறது. நாமோ அந்த நேரத்தில், இரவெல்லாம் கண்விழித்துப் பழுதான காட்சிகளை எடுத்த களைப்பில், உறங்கிக் கொண்டிருந்தோம்.

எல்லோரும் பாராட்டிய ஒளிவிளைவு ஒன்றுண்டு. பழைய கிட்டங்கியொன்றினுள் குழல்விளக்கின் ஒளி அலையலையாகத் துடிக்கும். 'எப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டவர்களுக்கு நாம் மர்மப் புன்னகை புரிந்தோம். அது வெறும் பிழை. இலங்கையின் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுகள் கொண்டது; விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது; கைத்தொலைபேசியோ நொடிக்கு 30 சட்டகங்களை, அறுபதிலொரு நொடித் திறப்பில் எடுத்தது. திறப்பை ஐம்பதிலொன்று அல்லது நூறிலொன்று என மாற்றியிருந்தால் அத்துடிப்பு மறைந்திருக்கும். பேயெனக் கருதப்பட்டது மின்சாரசபையின் சுற்றெண்ணே!

திருகோணமலைக் கடலுக்குச் சினிமாத் தொழினுட்பம் புதிதன்று. 1956இல் ஆதர் சீ. கிளார்க்குடன் சுவாமிமலையின் அடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்ட மைக் வில்சன், 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற சிங்களப் படத்தை எடுத்தார். இலங்கையின் முதலாவது முழுநீள வண்ணப்படம் அதுவே. நீரடிக் காட்சிகள் இப்பகுதிக் கடலிலேயே எடுக்கப்பட்டன. அதே 1962இல்தான் இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படமாகக் கொள்ளப்படும் 'சமுதாயம்' 16 மில்லிமீற்றர் படச்சுருளில் வெளிவந்தது. கருவியில் இருந்த இவ்வேற்றத்தாழ்வு தற்செயலானதென்று எவரும் கொள்ளார். இன்று நிலை வேறு. வண்ணச் சீராக்கத்துக்குப் பெருந்தயாரிப்புகள் பயன்படுத்தும் 'டாவின்சி ரிசோல்வ்' மென்பொருளின் இலவசப் பதிப்பு எங்கள் மடிக்கணினியிலும் ஓடுகிறது. கையிலே கிடைத்த கருவி உயர்ந்தது. அதனோடு கிடைத்த பண்டங்களே ஐயத்துக்குரியன.

இங்குதான் எமது முன்னோட்டத்தின் பெருங்குறை தொடங்குகிறது. ஒலிகளையும் சில காட்சிகளையும் இணையக் களஞ்சியங்களிலிருந்து இறக்கினோம். முதல் இருபது நொடிகளுள் ஓநாய் ஒன்று ஊளையிடுகிறது. இலங்கையில் ஓநாய் இல்லை. நரி உண்டு, அதன் குரலும் வேறு. அடுத்துத் தேவாலய மணியொன்று ஐரோப்பிய மலைக்கிராமமொன்றின் எதிரொலியோடு அடிக்கிறது. துறைமுகத்தின் மீது வெண்பனி மண்டுகிறது. அப்படியொரு பனியை எம்முள் எவரும் இங்கு கண்டதில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆக்கிய பாழ்க்கப்பற் காட்சியொன்றில் கரையோரமாகப் பைன் மரங்கள் நிற்கின்றன. வேண்டுகோளிலே திருகோணமலை என்றே எழுதினோம். கருவிக்குத் தெரிந்த துறைமுகம் வேறாக இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானியர் குண்டுவீசிய துறைமுகம் இது. பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த்தாங்கிகள் சீனக்குடாக் காட்டினுள்ளே இன்றும் துருவேறி நிற்கின்றன. இரவல் பாழ் எதற்கு? கடற்படைத்தளமும் துறைமுகமும் சூழ்ந்த இடத்தில் கமரா தூக்கிச் செல்வது எளிதன்று, ஆளில்லாப் பறப்புக் கமராவுக்கோ முன்னனுமதி வேண்டும் என்பன மெய்யே. ஆயினும் அவை ஓநாய்க்குச் சமாதானமாகா.

தொழினுட்ப நோக்கிலும் இரவல் ஒலி பயன்தரவில்லை. நவீன திகிற்படங்களின் முன்னோட்டங்களில் நெஞ்சை அமுக்கும் ஆழ்ந்த உறுமல் ஒன்று அடித்தளமாக ஓடும். அது திரையரங்கின் பெரிய ஒலிபெருக்கிகளை நம்பி ஆக்கப்பட்டது. ஏறத்தாழ 200 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைப் பெரும்பாலான கைத்தொலைபேசிகள் செவ்வனே வெளியிடமாட்டா. எமது முன்னோட்டத்தைப் பார்த்தோரோ அனைவரும் கைத்தொலைபேசியிலேயே பார்த்தனர். உறுமல் எவர் காதிலும் விழவில்லை. அச்சிறு கருவியில் உயிரோடு எஞ்சுபவை நடுத்தர, உயர்தர அதிர்வுகளே: கதவின் கிறீச்சிடல், பல்லியின் ஒலி, இருளில் ஆள் நடமாட்டங் கண்டு கத்தும் ஆட்காட்டிக் குருவி, நாய்க் குரைப்பு.

நாய்க் குரைப்பொன்றை நாமே பதிவுசெய்து, பதினைந்து நொடிகள் வரை சேர்த்திருந்தோம். வெற்றிடத்தை நிரப்பவே சேர்த்தோம். தொலைவிலே ஒரு நாய், பின் அண்மையில் ஒன்று, பின் பல, உடனே அனைத்தும் அடங்குகின்றன. அதன்மேல் இரண்டு நொடி மௌனம். பின்னர் திரை கறுக்க, களஞ்சியத்திலிருந்து பெற்ற வெடியோசை போன்ற பேரொலி. இதை நான் அம்மம்மாவுக்குக் காட்டினேன். ஓநாய்க்கும் மணிக்கும் அவர் சிரித்தார். நாய்கள் அடங்கியதும், 'உதை நிப்பாட்டு பிள்ளை' என்றார். பேரொலி வருமுன்பே நிறுத்திவிட்டேன். நெடுநேரத்தின் பின், 'நாய் குலைச்சால் ஆமி வாறான் எண்டு தெரியும். குலைக்கிறது நிண்டால் படலையடியில நிக்கிறான் எண்டு தெரியும்' என்று மாத்திரஞ் சொன்னார்.

நாம் அறியாமற் செய்த ஒன்று, அறிந்து செய்த அனைத்தையும் விட வலிதாயிருந்தது. இதனை வெற்றியெனக் கொள்ளலாமா என்பதே எங்கள் எழுவருக்கிடையே எழுந்த பிணக்கு. முடிவுக் காட்சியைக் கடற்கரையில், காந்தி சிலைக்குச் சற்று அப்பால் எடுத்திருந்தோம். 2006 சனவரி 2ஆம் நாள் மாலை அக்கடற்கரையிலேதான் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். முதலில் கைக்குண்டு வெடித்தது. பின்னர் அவர்கள் சுடப்பட்டனர். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். அவ்விடத்திலே, அந்திவேளையில், மாணவர்களாகிய நாம் கறுத்த திரைமீது ஒரு வெடியோசையை ஒட்டினோம். திரையிற் கேட்பவரைத் துள்ளவைப்பதற்கென ஆக்கப்பட்ட ஒலி அது. இந்நகரில் அதைக் கேட்டு யார் எதற்காகத் துள்ளுவர் என்று களஞ்சியத்தை ஆக்கியவர் அறியார். நாமாவது அறிந்திருக்க வேண்டும்.

நண்பர் ஒருவர் வலுவாக எதிர்வாதம் செய்தார். அதையும் இங்கு பதிவது நியாயம். திகிற்படம் பிறந்ததே சொல்லவொண்ணாததை வேடமிட்டுச் சொல்வதற்காக என்றார். வெடியோசையை நீக்கிவிட்டால் நடந்ததை மறைப்போரின் பக்கம் நாமும் சாய்ந்துவிடுவோம் என்றார். இதில் உண்மையுண்டு. ஆயின் முழுப்படத்துக்கும் முன்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கருதவில்லை. 'சைக்கோ' (1960) படத்தின் முன்னோட்டத்தில் ஹிச்கொக் தாமே அந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக் காட்டுகிறார். ஆறு நிமிடத்துக்கும் மேலாகக் கொலையெதுவும் காட்டப்படுவதில்லை. இறுதியில் குளியலறைத் திரை விலக ஒரு பெண் அலறுகிறாள். அலறுபவர் படத்தில் அவ்விடத்திற் கொல்லப்படும் நடிகையுமல்லர், வேறொரு நடிகை. முன்னோட்டம் என்பது விலைகூறல். அதற்குப் பொய்யும் ஓரளவு உரியது. படமொன்று அவ்வோசையை ஏற்று, அதற்கு முன்னும் பின்னும் நின்றோரைக் காட்டி, அதன் கடனைத் தீர்க்கக்கூடும். இரண்டு நிமிடத்தில் பணஉதவி வேண்டி நிற்கும் துண்டுக்கு அவ்வவகாசமில்லை. இறந்தோரின் ஒலியைக் கூவி விற்பதாகவே அது முடியும்.

கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' (2012) படத்தை நாம் அனைவரும் பலமுறை பார்த்திருந்தோம். குறும்படங்களிலிருந்து வந்த அந்நெறியாளர், ஒரு வீடு, ஒருவன், கையிலொரு மின்சூள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு படத்தின் பெரும்பகுதியை நடத்திச் செல்கிறார். மின்சூள் படாத இடமே அங்கு காட்சி. அப்படத்தின் திடுக்கிடல்களைப் பிரதிசெய்த நாம், அதன் சிக்கனத்தைக் கவனிக்கத் தவறினோம்.

முன்னோட்டத்தை மீண்டும் தொகுத்துள்ளோம். ஓநாய், மணி, பனி, பைன்மரக் கப்பல் யாவும் நீக்கப்பட்டன; கடற்கரைக் காட்சியும் வெடியோசையும் நீக்கப்பட்டன. குழல்விளக்கின் துடிப்பை, பிழையென்று அறிந்தே, வைத்துக்கொண்டோம். எஞ்சியது ஐம்பத்திரண்டு நொடிகள்: அணியத்திலிருந்து தெரியும் கரைவிளக்குகள், கிட்டங்கி, வள்ளத்தின் அடிப்பலகையில் மும்முறை தட்டும் ஓசை. அவ்வோசையை மாத்திரம் புதிதாக, வள்ளத்தின் உட்புறத்தில் ஒலிவாங்கியை ஒட்டிவைத்துப் பதிவுசெய்தோம். நீருக்கடியிலிருந்து தட்டியவர் எங்களுள் நன்கு நீந்தத் தெரிந்த ஒருவர். நாய்கள் அடங்கும் அந்தப் பதினைந்து நொடிகளைப் பற்றி எழுவரும் இன்னும் உடன்படவில்லை. அது கணினியிலே தனிக்கோப்பாகக் கிடக்கிறது.