பிடி யார் கையில்? என்பிஏ ட்ரேட் பற்றி ஒரு குறிப்பு

என்பிஏவில் ஒரு பெரிய ஆட்டக்காரர் தன்னை ட்ரேட் செய்யச் சொல்லி, எந்த அணி வேண்டும் என்றும் சொல்லிவிட்டால் இரண்டு குரல்கள் கிளம்பும். ஒன்று, "கோடிகள் வாங்கியும் திமிர் பாரு". இன்னொன்று, "கடைசியில ஆட்டக்காரன் கைக்கு அதிகாரம் வந்துடுச்சு". ரெண்டு பேரும் ஒரே விஷயத்தை நம்புகிறார்கள்: நட்சத்திரம் கேட்டால் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். மூன்று ட்ரேடுகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் இடித்தது.

முதலில் ஆந்தனி டேவிஸ். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸை விட்டுப் போகணும் என்று அவருடைய ஏஜென்ட் பகிரங்கமாகச் சொன்னார். லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. ஆனால் 2020 கோடையில் அவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேற முடியும். "வேறு அணி என்னை வாங்கினால் ஒரே வருஷம்தான்" என்ற பயமே மற்றவர்களைத் தயங்க வைத்தது. விரும்பியபடி லேக்கர்ஸுக்குப் போனார், 2020ல் கோப்பையும் வென்றார்.

அடுத்தது கவாய் லெனர்ட், 2018. இவர் கையிலும் அதே ஒரு வருஷ மிரட்டல்தான். ஆசை லாஸ் ஏஞ்சலஸ் மேல். சான் அன்டோனியோ அவரை டொராண்டோவுக்கு அனுப்பியது. டொராண்டோவுக்கு அந்த ஒரு வருஷமே போதும் என்று இருந்தது. 2019 கோப்பை அவர்களுக்குத்தான். ஆக, "போய்விடுவேன்" என்ற மிரட்டல் நீண்ட நாள் வைத்துக்கொள்ள நினைப்பவரிடம் மட்டுமே செல்லும்.

மூன்றாவது டேமியன் லில்லர்ட். 2023 ஜூலையில் மயாமி வேண்டும் என்றார். அவருடைய ஒப்பந்தமோ 2026-27 சீசன் வரை ஓடக்கூடியது. "போய்விடுவேன்" என்று சொல்லவே வழியில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான்: வேறு அணிக்குப் போனால் மனசு வைத்து ஆடமாட்டார் என்ற சாடை. அப்படி இனி பேசினால் நடவடிக்கை என்று லீக் எல்லா அணிகளுக்கும் கடிதம் அனுப்பி அந்தக் கதவையும் சாத்தியது. செப்டம்பரில் அவர் போனது மில்வாக்கிக்கு.

ஆக, பிடி புகழில் இல்லை. ஒப்பந்தம் முடியும் தேதியிலும், எதிரே இருப்பவருக்கு என்ன தேவை என்பதிலும்தான் இருக்கிறது.

"அதிகாரம் வந்துடுச்சு" என்று கொண்டாடுபவர்களிடம் எனக்கு இன்னொரு கேள்வி. யாருக்கு வந்தது? கவாய்க்குப் பதிலாக டொராண்டோவிலிருந்து அனுப்பப்பட்டவர்களில் ஒருவர் டெமார் டிரோசன். 9 சீசன் அங்கேயே ஆடியவர், 2016ல் வேறு அணி தேடாமல் அங்கேயே மறுபடி கையெழுத்துப் போட்டவர். லில்லர்டுக்காக ஜ்ரூ ஹாலிடேயை மில்வாக்கி போர்ட்லண்டுக்குத் தள்ளியது; சில நாளிலேயே அங்கிருந்து பாஸ்டன். 2024ல் பாஸ்டனோடு கோப்பை வென்றார் என்பது நல்ல முடிவுதான், ஆனால் அந்த வாரத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு நட்சத்திரம் தன் இடத்தை நகர்த்தினால் சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட இன்னும் நாலு பேர் வீட்டைக் காலி செய்கிறார்கள்.

இருபது வருஷமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எங்களை 'ரிசோர்ஸ்' என்று ஒரு எக்செல் வரியில் எழுதி, இந்த புராஜெக்டிலிருந்து அதற்கு நகர்த்துவார்கள். ஒருமுறை, தவிர்க்கவே முடியாத ஒரு சக ஊழியர் டீம் மாற்றம் கேட்டார். அவர் கேட்டது கிடைத்தது. அவர் இடத்துக்கு நான் போனேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்க முடிந்தவர் கேட்டார். ஆனால் அதைத் தொழிலாளர் வெற்றி என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

லில்லர்ட் கதைக்கு ஒரு வால் உண்டு. 2025 பிளேஆஃபில் அவருடைய குதிகால் தசைநார் கிழிந்தது. மில்வாக்கி பாக்கிச் சம்பளத்தை 5 வருஷத்துக்குப் பரப்பிவிட்டு அவரை விடுவித்தது. அதற்கப்புறம்தான் தன் அணியைத் தானே தேர்ந்தெடுக்க முடிந்தது: போர்ட்லண்டுக்கே திரும்பினார். இந்த முறை ஒப்பந்தத்தில், தன் சம்மதமில்லாமல் ட்ரேட் செய்யக்கூடாது என்ற ஷரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

2023ல் அவரிடம் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.