480 நாளும் ஒரு கேட் பாஸும்

1981-ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. பெயர் நீளம்: தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம். விஷயம் என்னவோ ஒரே வரிதான். 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர் பணியில் இருந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். சம்பளத்தோடு எடுத்த விடுப்பு, வேலையில் அடிபட்டு வீட்டில் இருந்த நாள், மகப்பேறு விடுப்பு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மில் முதலாளிகள் இது செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். நெல்லை காட்டன் மில்ஸ் வழக்கில் 1990-ல் உச்ச நீதிமன்றம், செல்லும் என்று சொல்லிவிட்டது.

அரியலூர், பெரம்பலூர் பக்கம் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த பையன்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கன்சல்டன்சி மூலமா பெரிய கம்பெனிக்குப் போகலாமா, இல்ல சின்ன இடமா இருந்தாலும் பெர்மனென்ட்டா போகலாமா?" இதற்குப் பதில் சொல்லும் யூடியூப் வீடியோக்களில் கையில் வரும் சம்பளத்தைத் தாண்டி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் அந்தச் சட்டத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நாள் லீவு போனால் மாதம் 26 நாள். ஒழுங்காக வேலைக்குப் போகிற எவரும் பத்தொன்பதாவது மாதத்திலேயே 480-ஐத் தாண்டிவிடுவார். அப்படியானால் ஒரே ஆலைக்குள் எட்டு வருஷம், பத்து வருஷம் போய் வருகிறவர்கள் இன்னும் ஏன் கான்ட்ராக்டில் இருக்கிறார்கள்?

சட்டம் சொல்வது "ஒரு தொழில் நிறுவனத்தில்" தொடர் பணி. நிர்வாகம் சொல்லும் பதில்: "அவர் எங்க ஆள் இல்ல, ஏஜென்சி ஆள்." ஏஜென்சி ஒப்பந்தம் வெறும் காகிதம்தான், வேலை வாங்கியது கம்பெனிதான் என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில் விழுகிறது. அவர் கையில் என்ன இருக்கிறது? ஒரு கேட் பாஸ். வருகைப் பதிவு, ஷிஃப்ட் சார்ட் எல்லாம் எதிர்த் தரப்பிடம். யார் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டிய பொறுப்பை முதலாளியிடமே கொடுத்தது இந்தச் சட்டம். அந்தப் பதிவேட்டில் ஏஜென்சி ஆளின் பெயரே ஏறாது. 1981-ல் சட்டம் எழுதியவர்கள் பதிலி, தினக்கூலி என்று இழுத்தடிக்கும் மில்களை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நடுவில் ஒரு மூன்றாவது ஆள் வந்து உட்காருவதற்கு அதில் நேரான பதில் இல்லை. என் பெரிய குறை இதுதான்.

மத்திய அரசின் 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அந்த மூன்றாவது ஆளைப் பற்றியதுதான். ஒரு வேலையில் ஒப்பந்த முறையையே தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. தடை வந்தால் அங்கே வேலை பார்த்தவர் கதி? 1996-ல் ஏர் இந்தியா வழக்கில், அவர்கள் தானாகவே கம்பெனி ஆட்களாகிவிடுவார்கள் என்றது உச்ச நீதிமன்றம். 2001 ஆகஸ்டில் செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. தானாக எதுவும் நடக்காது, ஒப்பந்தம் போலி என்றால் தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்துக்கொள் என்றது. விளைவு விசித்திரமானது. ஒப்பந்த முறையை ஒழியுங்கள் என்று கேட்டு ஜெயித்தால் முதலில் ஒழிவது கேட்டவனின் வேலை.

இதெல்லாம் அரியலூருக்கு ஏன் முக்கியம்? சுண்ணாம்புக்கல் மேல் உட்கார்ந்திருக்கும் மாவட்டம் இது. 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை, பிறகு ராம்கோ, அல்ட்ராடெக், செட்டிநாடு, டால்மியா என்று வரிசை. சிமெண்ட் தொழிலுக்கு ஒரு தனிக் கதை உண்டு. 1970 சட்டம் வருவதற்கு முன்பே சிமெண்ட் சம்பள வாரியம், உற்பத்தி வேலையில் கான்ட்ராக்ட் கூடாது என்று பரிந்துரைத்தது. விதிவிலக்கு: ஏற்றுவதும் இறக்குவதும். உடம்பை அதிகம் முறிக்கிற, தூசி அதிகம் தின்கிற வேலைதான் அந்த விதிவிலக்கு! 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். மையமான வேலைகளில் கான்ட்ராக்ட் கூடாது என்கிறது, நல்லது. ஆனால் வளாகத்துக்குள் ஏற்றி இறக்குவது மையமல்லாத வேலைகளின் பட்டியலில் நிற்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் மூட்டை தூக்குகிறவர் வெளியில்தான். 20 பேர் வைத்திருந்தாலே பொருந்திய ஒப்பந்தச் சட்டம் இப்போது 50 பேரிலிருந்து. சின்ன ஏஜென்சிகளுக்குக் கொண்டாட்டம்.

சித்தப்பா பையன் ஒருவனின் ஏஜென்சிக் கடிதத்தைப் படித்தேன். (எந்த ஏஜென்சி என்பது வேண்டாம்.) பதினோரு மாத ஒப்பந்தம். "வாடிக்கையாளர் நிறுவனத்தில் எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று அவன் கையெழுத்திட ஒரு பத்தி. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பங்கும் அவன் மொத்தச் சம்பளத் தொகைக்குள்ளேயே அடக்கம். அவனுக்கு அது தெரியவே தெரியாது. "பி.எஃப். இருக்குல்ல, அது போதும்ணே" என்றான். மூன்று வருஷத்தில் கடிதத்தில் ஏஜென்சி பெயர் ஒரு முறை மாறியிருக்கிறது. இவன் நிற்கும் மெஷின் மாறவில்லை.

பெயர் மாறுவதன் விலை என்ன? கிராஜுவிட்டிக்கு ஐந்து வருஷத் தொடர் பணி வேண்டும் என்பது பழைய விதி. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால், பத்து வருஷம் ஒரே ரோலில் இருந்தவருக்கு 15,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பத்தால் பெருக்கி, சுமார் 86,500 ரூபாய் வரும். மூன்று வருஷத்துக்கு ஒரு ஏஜென்சி மாறியவர் கேட்டால் ஒவ்வொரு ஏஜென்சியும் "எங்ககிட்ட அஞ்சு வருஷம் ஆகல" என்று கை விரிக்கும். புதிய தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி என்கிறது. அதனால் கடிதத்தில் அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பது இனிமேல் காசுள்ள விஷயம்.

ஏஜென்சியே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. சிபாரிசு இல்லாத பையனுக்குப் பெரிய ஆலையின் கேட்டைத் திறப்பது பல நேரம் அவர்கள்தான். இருபது வயதில் இரண்டு வருஷம் நல்ல மெஷினில் கை பழகினால் அது நஷ்டமே இல்லை. மறுபக்கம், "பெர்மனென்ட்" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டு பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் கட்டாத சின்னப் பட்டறைகளும் இருக்கின்றன. அதைவிட ஒழுங்கான ஏஜென்சி மேல். கல்யாணமாகி, வீட்டு லோன் போட்ட முப்பத்தைந்து வயதுக்காரருக்கு என் பதில் வேறு. ஐந்து வருஷத்துக்கு மேல் ஏஜென்சியில் நிற்காதீர்கள், ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் ரோலுக்கு மாறுங்கள் என்பேன்.

பக்கத்தில் நெய்வேலியில் இண்ட்கோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் வழியாக, சீனியாரிட்டி அடிப்படையில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரத்துக்கு நகர ஒரு பாதை உண்டு. அது போதவில்லை என்று 2014-ல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. போதாத பாதைதான், ஆனாலும் பாதை.

இப்போது ஏஜென்சியில் இருப்பவர்கள் உடனே செய்ய வேண்டியது ஒன்று. யூ.ஏ.என். நம்பர் போட்டு பி.எஃப். பாஸ்புக்கை இறக்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி மாறும்போதெல்லாம் அதில் நிறுவனத்தின் பெயரும் தேதியும் மாறி விழும். கேட் பாஸ் ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துவையுங்கள். சித்தப்பா பையனின் பாஸ்புக்கில் பழைய ஏஜென்சியை விட்ட தேதிக்கும் புதியதில் சேர்ந்த தேதிக்கும் நடுவே நான்கு நாள் இடைவெளி. அந்த நான்கு நாளும் அவன் நைட் ஷிஃப்ட் பார்த்திருக்கிறான்.