பவளப் பொட்டு

ஐரோப்பாவின் பாறைகளிலும் மரப்பட்டைகளிலும் சாம்பல் நிறத்தில் லைக்கன்கள் படர்ந்திருக்கும். மழை விட்ட பிறகு அவற்றைக் குனிந்து பார்த்தால், சில இடங்களில் பவளத்தை நொறுக்கித் தூவியதுபோல் இளஞ்சிவப்பு மணிகள் தெரியும். லைக்கனின் மேல் வாழும் ஒரு பூஞ்சை அது. மார்ச்சாண்டியோமைசஸ் கொரலினஸ் என்பது பெயர். பெயரிலேயே பவளம் இருக்கிறது.

லைக்கனே ஒரு கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டித் தருகிறது. பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது. நம் அஞ்சறைப் பெட்டியின் கல்பாசியும் அப்படியொரு குடும்பம்தான். லைக்கனுக்குள் இரண்டு உயிர்கள் இருப்பதாக ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1860களில் சொன்னபோது, அன்றைய லைக்கன் அறிஞர் பலர் ஏற்க மறுத்தார்கள்.

அந்த வீட்டுக்கு மூன்றாவதாக வருகிறது பவளப் பூஞ்சை. காளான்போல அது குடை விரிப்பதில்லை. தன் மெல்லிய இழைகளை நெருக்கிச் சுருட்டி உருண்டைகளாக்குகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உதிர்ந்து வேறொரு லைக்கனில் ஒட்டினால் அங்கே முளைக்கும். ஒட்டுண்ணிதான், இடம் கொடுத்த லைக்கன் நலிவது உண்மை. ஆனாலும் அந்த நிறத்தைக் கண்டபின் வெறுக்க மனம் வருவதில்லை.

லைக்கனை மட்டுமே நம்பி வாழும் பூஞ்சைகளில் இதுவரை பெயரிடப்பட்டவை ஏறத்தாழ 2,000 இனங்கள். பெரும்பாலானவை கரும்புள்ளிகளாகக் கண்ணுக்குத் தப்பிவிடும். இந்தப் பவளம்தான் நம்மை நிறுத்தி, கைலென்ஸை எடுக்க வைக்கிறது. விரல்நகம் அளவு பாறையில் மூன்று வகை உயிர்கள் குடியிருப்பதைக் காட்டித் தருகிறது.